சேம அச்சு

லாரிப் பட்டறைகளில் 'ஸ்டெப்னி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, மாற்றுச் சக்கரம். மற்றொன்று, மனைவி இருக்க ஒருவன் வைத்துக்கொண்டிருக்கும் இன்னொரு பெண். இரண்டாவது பொருளை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பேருந்திலும் டீக்கடை வாசலிலும் சினிமா நகைச்சுவையிலுமாகத் தானே வந்து சேர்ந்தது. பெண்களைக் குறிக்கும் வசைகளைப் பெண்கள் அப்படித்தான் கற்றுக்கொள்கிறோம், பாடத்திட்டம் இல்லாமல்.

அந்தச் சொல் ஒரு தெருவின் பெயர். 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில், டேவீஸ் சகோதரர்கள் ஒரு பொருளைச் செய்தார்கள். அன்றைய கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. பஞ்சர் ஆனால் ஆன இடத்திலேயே உட்கார்ந்து டயரைக் கழற்றி ஒட்ட வேண்டும். இவர்கள் செய்தது ஆரக்கால் இல்லாத ஒரு வளையம், அதன் மேல் காற்றடைத்த டயர். பஞ்சரான சக்கரத்தோடு அதைச் சேர்த்துக் கவ்விகளால் பூட்டி, வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். அந்தப் பொருள் போய்விட்டது. தெருவின் பெயர் மட்டும் கடல் கடந்து வந்து இங்கே சக்கரமாயிற்று, பிறகு பெண்ணாயிற்று.

புறநானூற்றின் 102-ஆம் பாடலை நடத்தும்போதெல்லாம் இந்தச் சொல் என் வகுப்பறைக்குள் வந்துவிடும். ஔவையார் பாடியது. உப்பு வணிகரான உமணர்களின் வண்டி. மாடுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. பாரமோ அதிகம். வண்டி பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். அதற்குப் பெயர் சேம அச்சு. அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்று ஔவை புகழ்கிறார். "ஸ்டெப்னி மாதிரி" என்று நான் விளக்கியதும் பின்வரிசையில் சிரிப்பு எழும். பெண்கள் நோட்டைப் பார்ப்பார்கள். சிரிப்பு அடங்கும்வரை நான் பேசாமல் நிற்பேன். பிறகு, ஒரு பெண் கவிஞர் ஓர் இளவரசனைத்தான் ஸ்டெப்னி என்றார், அது அவனுக்குப் பெருமையாக இருந்தது என்று சொல்வேன். அதற்கு முன்வரிசை சிரிக்கும்.

சேமம் என்றால் காவல், பாதுகாப்பு. உமணர்கள் வழி கரடுமுரடானது என்பதற்காக வீட்டில் இருந்துவிடவில்லை. அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டில் பாதுகாப்பு என்ற சொல் வேறு விதமாக வழங்கியது. "போகாத" என்பதற்கு மரியாதையான சொல் அது.

அப்பா லாரி ஓட்டினார். கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி பண்டல்கள் ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். லாரி வீட்டுப் பக்கம் நிற்கும் நாட்களில் டயர் கழற்றி மாட்டும் வேலை நடக்கும். தம்பிக்கு எட்டு வயதிலேயே ஜாக்கி லீவரைக் கையில் கொடுத்தார். நானும் தங்கையும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்போம். "தள்ளி நில்லுங்கட்டி, கால்ல விழுந்துரும்" என்பார். அன்பாகத்தான் சொல்வார். தம்பியின் காலில் விழாதா என்று கேட்கும் அளவுக்கு எங்களுக்கு அப்போது வாய் வளரவில்லை. தம்பி இப்போது வங்கியில் வேலை பார்க்கிறான், பைக் பஞ்சர் ஆனால் ஆளைக் கூப்பிடுகிறான்.

தங்கை 2004-இல் திருமணமாகி எச்-4 விசாவில் அமெரிக்கா போனாள். கணவனின் வேலை விசாவைச் சார்ந்து மனைவிக்குத் தரப்படும் விசா அது. 2015 மே மாதம் வரை அந்த விசாவில் இருக்கும் யாரும் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. அதன் பிறகும், கணவனின் நிரந்தரக் குடியிருப்பு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் மனைவிக்கு அனுமதி. வேதியியலில் முதுகலை முடித்தவள் பதினொரு வருடம் சமைத்தாள். ஓட்டுநர் உரிமம் எடுத்திருந்தாள், வண்டிச் சாவி அவள் கைக்கு வரவில்லை. அந்த மணவாழ்க்கை எப்படி முடிந்தது என்பது அவள் எழுத வேண்டியது, நான் எழுதப் போவதில்லை. முடிந்தது. மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். 2021-இல் சேமிப்பையெல்லாம் திரட்டி ஒரு பழைய பிக்கப் லாரியும், அதைவிடப் பழைய டிராவல் டிரெய்லரும் வாங்கினாள்.

டிராவல் டிரெய்லர் என்பது வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகும் சிறு வீடு. அவளுடையது 22 அடி நீளம். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, ஒரு ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கும் குளியலறை. பெரும்பாணாற்றுப்படையில் உமணர்களின் வண்டி ஒன்று வரும். கோழிக்கூடும் காடிப் பானையும் தொங்கவிட்ட சிறு உரலுமாகப் போகும் வண்டி. கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண்தான் பின்னாலிருந்து மாடுகளை ஓட்டுவாள். முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் அந்த இடத்தைப் பலமுறை கடந்திருக்கிறேன். தங்கை அனுப்பிய படங்களில் அடுப்புக்கு மேல் அவள் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த சின்ன இடிகல்லைப் பார்த்தபோது அந்த உரல் நினைவுக்கு வந்தது.

அம்மாவுக்கு அப்படி எதுவும் நினைவுக்கு வரவில்லை. 2023 கோடை விடுமுறையில் நான் தங்கையிடம் போகிறேன் என்றதும் அம்மா என்னிடம் கொடுத்தனுப்பியவை இரண்டு: பருப்புப்பொடி, ஒரு வேலை. "அந்த வண்டிய வித்துட்டு ஒழுங்கா இருக்கச் சொல்லுட்டி. தனியா இழுத்துக்கிட்டு அலையுதா. நடுக்காட்டுல டயர் வெடிச்சா என்ன செய்வா?"

அந்தக் கேள்வியை அம்மாவின் பழைய பயம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. 2019 நவம்பரில் ஐதராபாத்துக்கு அருகே சம்ஷாபாத் சுங்கச்சாவடிப் பக்கம் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு, உதவி செய்வதுபோல் வந்துதான் அந்தக் கால்நடை மருத்துவரை அவர்கள் சூழ்ந்தார்கள் என்று போலீஸ் சொன்னது. அவர் கடைசியாகப் பேசியது தன் தங்கையிடம். தங்கைக்குப் பேசியதற்குப் பதில் 100-க்கு அழைத்திருக்கலாமே என்று ஓர் அமைச்சர் சொன்னார். அந்த வாரம் என் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "மேடம், இனிமே எங்க வீட்ல வண்டி தர மாட்டாங்க" என்றாள். டயர் என்பது ரப்பரும் காற்றும். ஆனால் இந்த நாட்டில் ஒரு பெண்ணின் டயர் இறங்கினால் இறங்குவது காற்று மட்டுமில்லை என்று அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் அம்மா தந்த வேலையோடுதான் விமானம் ஏறினேன். எப்படிச் சொல்வது என்பதை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம், சான் அன்டோனியோவிலிருந்து இன்டர்ஸ்டேட் 10 என்ற நெடுஞ்சாலையில் மேற்கே புறப்பட்டோம். டேவிஸ் மலைப் பக்கம் இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். ஓசோனா என்ற ஊரைத் தாண்டினால் வெறும் புதர்க்காடு. அந்தச் சாலையில் மணிக்கு 80 மைல்வரை போகலாம். தங்கை 60-ஐத் தாண்டவில்லை. டிரெய்லர் டயர்களின் வேக வரம்பு வேறு, சாலைப் பலகையில் இருப்பது நமக்கல்ல என்றாள். எல்லா வண்டிகளும் எங்களைத் தாண்டிப் போயின.

ஓசோனாவுக்கு அப்பால் சக்கரத்திலிருக்கும் உணர்கருவி கூவியது. இடப்பக்கப் பின்சக்கரத்தில் காற்று இறங்குகிறது. அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். எனவே இடப்பக்கச் சக்கரம் போக்குவரத்தை ஒட்டி இருக்கும். ஓரத்தில் நிறுத்தி அந்தப் பக்கம் குனிந்தால் முதுகுக்குப் பின்னால் 80 மைல் வேகத்தில் பதினெட்டுச் சக்கர லாரிகள். நான் நிறுத்தச் சொன்னேன். தங்கை நிறுத்தவில்லை. விளக்குகளை மினுக்க விட்டு, சாலையோரமாக ஆள் நடக்கும் வேகத்தில் உருட்டிக்கொண்டே அடுத்த வெளியேறும் வழிவரை போனாள். அந்த டிரெய்லருக்கு இரட்டை அச்சு, நான்கு சக்கரம். ஒன்று போனால் பக்கத்துச் சக்கரம் கொஞ்ச தூரம் தாங்கும். "ரிம்மு கெட்டாலும் கெடட்டும்க்கா, வேற வாங்கிக்கலாம்" என்றாள். மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்கின் சிமெண்டுத் தரையில் போய்த்தான் நிறுத்தினாள். சமதளம், கெட்டித்தரை, சாலையிலிருந்து தள்ளி.

இருக்கைக்குப் பின்னாலிருந்து லேமினேட் செய்த ஓர் அட்டையை எடுத்தாள். அவள் கையெழுத்து. தமிழ். முதல் வரி: "பதறாத. தண்ணி குடி." அவளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அமெரிக்கப் பெண்மணி, தன் டிரெய்லரோடு ஒற்றையாய்ச் சுற்றுபவர், ஒரு முகாமில் பக்கத்து இடத்துக்காரர். அவர் சொல்லச் சொல்லத் தங்கை தமிழில் எழுதிக்கொண்டாள். பயம் வந்தால் ஆங்கிலம் ஓடிவிடுகிறது, தமிழ்தான் நிற்கிறது என்றாள். நான் வாசித்த நல்ல தமிழ் உரைநடைகளில் அந்த அட்டையையும் சேர்ப்பேன்.

டிரெய்லரைப் பிக்கப்பிலிருந்து கழற்றாத. கழற்றினால் அது உருள இடம் தேடும். பிக்கப்புக்குக் கைப்பிரேக் போடு. வண்டிக்குள்ளே யாரும் இருக்கக் கூடாது. அந்தப் பக்கத்து ரெண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் முட்டுக் கொடு. இதை வாசித்தபோது அப்பா லாரிச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கருங்கல் கண்ணில் வந்தது. தங்கையிடம் மஞ்சள் நிறத்தில் ரப்பர் முட்டுக்கட்டைகள் இருந்தன. நான் போய் வைத்தேன். அவள் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் காலால் உதைத்துப் பார்த்தாள்.

அடுத்து நட்டு. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஐந்து நட்டுகளையும் அரைச்சுற்று இளக்கிவிட வேண்டும். தூக்கிய பிறகு இளக்கினால் சக்கரம் சுற்றும், நாம் கொடுக்கும் இழுப்பில் வண்டி ஜாக்கியை விட்டுச் சரியும். ஆண்களின் வேலை என்று சொல்லப்படுவதில் பலம் தேவைப்படும் இடம் இது ஒன்றுதான், அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த நட்டுகளை 100 அடி-பவுண்டு அளவுக்கு இறுக்குகிறார்கள். கம்பி இரண்டு அடி நீளம் என்றால் அதன் நுனியில் 50 பவுண்டு கொடுத்தால் போதும், ஏறக்குறைய 23 கிலோ. நம் ஊர்ப் பிளாஸ்டிக் குடத்தில் பதினைந்து லிட்டர் பிடிக்கும். இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக இரண்டு குடத்தோடு கரிசல் காட்டில் நடந்த பெண்களின் பேத்திகளிடம், நட்டைக் கழற்ற உன்னால் ஆகாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். இளக்கும்போது இறுக்கியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், துருவும் சேர்ந்துகொள்ளும். கம்பி நீளமாக இருந்தால் அதுவும் ஆகும்.

மூன்றாவது நட்டில் இருந்தபோது ஒரு பிக்கப் வந்து நின்றது.

இறங்கியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தொப்பி, பெரிய கைகள், ஒற்றை ஆள். உதவி வேண்டுமா என்றார். சம்ஷாபாத் என் வயிற்றில் புரண்டது. தங்கை எழுந்து சிரித்து, நன்றி, நாங்களே செய்துகொண்டிருக்கிறோம் என்றாள். அவர் போகவில்லை. டிரெய்லரைச் சுற்றிப் பார்த்தார், தன் வண்டியிலிருந்து ஜாக்கி ஒன்றை எடுத்து வந்தார், குனிந்து அச்சுக்கு அடியில் வைக்கப் போனார். தங்கை குறுக்கே நின்றாள். அங்கே வைக்கக் கூடாது என்றாள். நாற்பது வருடமாக அங்கேதான் வைக்கிறேன் என்றார் அவர்.

அவர் சொன்னது பொய்யாக இருக்காது. அப்பாவும் அச்சுக்கு அடியில்தான் ஜாக்கி வைப்பார். லாரி அச்சு அதற்கென்று வார்த்த இரும்பு. ஆனால் தங்கையின் டிரெய்லரில் இருந்தது வேறு வகை. சதுரக் குழாய், அதற்குள் ரப்பர்த் தண்டுகள், அந்த ரப்பர் முறுகித்தான் குலுக்கலை வாங்குகிறது. வில்பட்டை கிடையாது. குழாயின் நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் குழாய் வளையலாம். வளைந்தால் சக்கரங்கள் கோணலாகும், டயர் ஒரு பக்கம் தேயும், அது தெரியவர மாதங்கள் ஆகும். அச்சிலோ அதைச் சேர்ந்த எந்தப் பாகத்திலோ வைத்துத் தூக்காதே என்று தயாரிப்பாளரின் கையேடு சொல்கிறது. நான்கு மூலைகளிலும் மடக்குக் கால்கள் தொங்கும். பார்த்தால் தூக்குவதற்கே செய்ததுபோல் இருக்கும், அவையும் கூடாது. நிறுத்தி வைத்த வீடு ஆடாமல் இருக்கத்தான் அவை. தரைப் பலகையில் வைத்தால் பொத்துக்கொண்டு போகும். சேசிஸ் என்கிற நீள இரும்புச் சட்டத்தில், சக்கரத்தை ஒட்டி, அச்சு மாட்டியிருக்கும் இடத்தின் பக்கத்தில் வைக்க வேண்டும். அந்த இடத்தில் தங்கை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். அட்டையில் இப்படி இருந்தது: "எங்க தாங்குமோ அங்க தூக்கு."

அவள் இவ்வளவையும் அவரிடம் சொன்னாள், மெதுவாக, குரல் உயர்த்தாமல். கையேட்டின் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். எத்தனை தலைமுறையாக ஆண்கள் சொல்வதைப் பெண்கள் நின்று கேட்கிறோம். அதன் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று அன்று வெயிலில் நின்று பார்த்தேன். அவர் கையேட்டை முகத்துக்கு அருகே வைத்து வாசித்தார். சரி என்று சொல்லித் தன் ஜாக்கியைத் திரும்ப எடுத்துப் போனார். பிறகு வண்டியைக் கிளப்பி எங்களை நோக்கி வந்தார்.

என் கையில் கம்பி இருந்தது. நான் அதைக் கீழே வைக்கவில்லை. அவர் பிக்கப்பை எங்களுக்கு மேற்கே குறுக்காகக் கொண்டுவந்து நிறுத்தினார், அதன் நிழல் சக்கரத்தின் மேலும் எங்கள் மேலும் விழுந்தது. இஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். நல்ல மனிதர். கம்பியை நான் வைக்காததற்கு இன்றும் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. நல்லவர் என்பது நிழல் விழுந்த பிறகு தெரிவது.

ஜாக்கியை அப்படியே தரையில் வைக்கவில்லை தங்கை. முதலில் தடித்த பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் வைத்தாள். சிமெண்டில் தேவையில்லை, ஆனாலும் பழக்கம் மாறக் கூடாதாம். மண் தரையில் பலகை இல்லாமல் வைத்தால் வண்டி எழும்பாது, ஜாக்கிதான் புதையும். எண்ணெயில் இயங்கும் சிறு ஜாக்கி அது, பாட்டில் உயரம். லீவரை என்னிடம் கொடுத்தாள். அந்த வீட்டின் எடை 5,000 பவுண்டு, 2,270 கிலோ. நான் ஒரு கையால் அழுத்தினேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் வண்டி எழும்புவது தெரியவே தெரியாது. சிறிய குழாயில் கொடுக்கும் அழுத்தம் எண்ணெய் வழியே பெரிய உருளையில் பலமடங்கு விசையாகிறது, பாஸ்கல் சொன்ன விதி, பத்தாம் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கியதுதான். பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன், இருபதைத் தாண்டியபோது டயருக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"இன்னும் ரெண்டு அங்குலம்" என்றாள். காற்றுப் போன டயர் தப்பையாக இருக்கும், காற்று நிறைந்த மாற்று டயர் அதைவிடப் பெரியது. அது உள்ளே நுழைய இடம் வேண்டும். அதற்கு மேல் ஓர் அங்குலமும் தேவையில்லை. பிறகு சேசிஸுக்கு அடியில் இரும்பு முக்காலியை நிறுத்தி, பாரத்தை அதன் மேல் மெல்ல இறக்கினாள். ஜாக்கி தூக்குவதற்கு, முக்காலி தாங்குவதற்கு. ஜாக்கியில் எண்ணெய் கசிந்தால் ஒரு நொடி. இவ்வளவும் செய்த பிறகும் உடம்பின் எந்தப் பாகமும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. அட்டையில் இந்த வரிக்குக் கீழே மட்டும் சிவப்புக் கோடு, மூன்று தடவை.

பாதுகாப்பு என்ற சொல்லை என் ஆயுளில் முதல்முறையாக வினைச்சொல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டுக் கொடு, இளக்கு, பலகை போடு, நிறுத்து. "போகாத" என்பது அந்த அட்டையில் எங்கும் இல்லை.

சக்கரம் 20 கிலோ இருக்கும். தூக்கிச் சுமக்கவில்லை, உருட்டி, கம்பியை நெம்புகோலாகக் கொடுத்து மாட்டினோம். நட்டுகளை முதலில் விரலால் ஏற்றினோம். சிறு பிள்ளைகள் பென்சிலை எடுக்காமல் ஐந்து முனை நட்சத்திரம் போடுவார்களே, அதே வரிசைதான், ஒன்றைவிட்டு ஒன்று. வரிசையாக இறுக்கிக்கொண்டே போனால் சக்கரம் ஒரு பக்கமாக உட்காரும். லேசாக இறுக்கி, வண்டியை இறக்கி, பிறகு அளவுகாட்டும் ஸ்பேனரால் மூன்று சுற்று. சொன்ன அளவு வந்ததும் அது 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். ஐந்து 'டக்' கேட்டோம். அவள் ஓட்டுநர் இருக்கைக்குப் போகாமல் கழற்றிய டயரின் பக்கச்சுவரைத் தடவி நான்கு எண்களைக் காட்டினாள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம், டயர் பிறந்த நாள். டிரெய்லர் டயர்கள் பெரும்பாலும் வெயிலில் சும்மா நிற்பவை, பட்டன் தேயாது, புதிதுபோலவே இருக்கும், உள்ளே ரப்பர் இற்றுக்கொண்டிருக்கும். ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிட வேண்டுமாம். இதில் பெண்களின் வயது பற்றிய நகைச்சுவை ஒன்றுக்கு இடம் இருக்கிறது, நான் எழுதப் போவதில்லை.

தொப்பிக்காரர் கையசைத்துவிட்டுப் போனார். எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

ஆலிஸ் ராம்சே பற்றி அன்று வண்டியில் தங்கைதான் சொன்னாள். 1909-இல், 22 வயதில், நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவரை 59 நாளில் கார் ஓட்டிப் போனவர். அமெரிக்காவைக் கரையிலிருந்து கரைவரை ஓட்டிக் கடந்த முதல் பெண். கூட வந்த மூன்று பெண்களுக்கும் ஓட்டத் தெரியாது. வழியில் பதினொரு டயர் மாற்றினார். 1961-இல் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதியபோது தலைப்பிலேயே முகத்திரையையும் தூசிக்கோட்டையும் டயர் கழற்றும் இரும்பையும் சேர்த்து வைத்தார். மூன்றாவதுதான் தங்கைக்குப் பிடித்தது. நான் ஔவையின் சேம அச்சைச் சொன்னேன். அவள் பள்ளியில் அந்தப் பாடலைப் படித்திருக்கவில்லை. "உப்பு வண்டிக்கு அடியில என்னத்த கட்டியிருக்குன்னு அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். குனிந்து பார்த்திருப்பார் என்றேன்.

புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை 10 மைலில் ஒருமுறை, 25-இல் ஒருமுறை, 50-இல் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். ஓட ஓட நட்டு இடம் பிடிக்கும், கொஞ்சம் தளரும். சக்கரம் கழன்று ஓடுவது அப்படித்தான். பத்தாவது மைலில் அவள் இறங்கினாள். இருபத்தைந்தில் நான் இறங்கினேன். நான்கு நட்டுகள் உடனே 'டக்' என்றன, ஐந்தாவது கால் சுற்று போன பிறகு சொன்னது.

அப்போது அம்மாவின் அழைப்பு வந்தது. அங்கே விடிகாலை ஐந்து மணி, எழுந்ததும் முதல் வேலை. ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னட்டி, எங்க இருக்கிய? அவகிட்ட சொன்னியா?"

"டயர் போயிருச்சும்மா. மாத்திட்டோம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. யார் மாத்தினா என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"முட்டுக் குடுத்தீங்களா?"

"குடுத்தோம்."

"அச்சுக்கு அடியிலதான ஜாக்கி வச்சிய?"

தங்கை குனிந்து பேசினாள். "இல்லம்மா. இது ரப்பர் அச்சு. சேசிஸ்ல வச்சோம்."

"ரப்பர்லயா அச்சு" என்றாள் அம்மா. பிறகு, "கல்யாணமான புதுசுல உங்கப்பாகூட நாக்பூர் வரைக்கும் லாரில போயிருக்கேன். ராத்திரி டயர் கழட்டுனா நான்தான் டார்ச் புடிப்பேன். மாட்டிட்டுக் கொஞ்ச தூரம் போயி, இறங்கி ஒவ்வொரு நட்டாத் தட்டிப் பாப்பாரு" என்றாள். நாற்பத்தைந்து வயதில் இதை முதல்முறையாகக் கேட்டேன். தங்கை என்னைப் பார்த்தாள்.

"நாங்களும் இப்ப அதாம்மா பாத்துக்கிட்டு இருக்கோம்."

"மறுபடி எப்பப் பாக்கணும்?"

"இன்னும் நாப்பது கிலோமீட்டர்ல."

"அப்ப போன வையி. மறந்துராதீங்க."